கொசுறாகப் போட்ட ஈயம்

தராசக்காவின் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், யாருக்குக் கல்யாணம் என்று படிப்பதற்கு முன்னாலேயே, “நல்ல கனமான அட்டை” என்பாள். ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தபோது, நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் அரை மயக்கத்திலேயே எடையைச் சொல்லிவிட்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தராசில் போட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அக்காவின் கணவர் பஸ் டிரைவர். சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், முன் சீட்டில் இருப்பவரிடம் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். தராசு என்ற பெயர் ஊரெல்லாம் பரவியதற்கு அவர்தான் காரணம்.

அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலத்துக்கு எடை சரியாக நின்ற பிறகும் இன்னொரு சிட்டிகை அள்ளித் தட்டில் போடுவார். கொசுறு. தட்டு ஒரு விரற்கடையாவது தாழ்ந்தால்தான் வாங்குகிறவர் முகம் மலரும் என்பது அவர் சித்தாந்தம். கடை என்றோ போய்விட்டது. கொசுறு மட்டும் மகளின் கையில் தங்கிவிட்டது. அவள் வீட்டில் காபி கேட்டால் டம்ளர் தளும்பும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவள் விஷயத்தில் அது கடலுக்கடி வரைக்கும் போயிற்று.

கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவள் வந்ததே ஒரு ரிப்பேருக்காகத்தான். அப்போது அவள் தராசு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். நிலையத்தில் ஒரு நுண்தராசு மக்கர் பண்ண, சரிசெய்ய வந்தாள். வந்த இடத்தில், சுவரோரமாக நீச்சல் குளத்துக்குத் தம்பி போல ஒரு தொட்டியையும், அதில் மஞ்சளாக நீளமாக ஒரு சாமானைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பேர் மல்லுக்கட்டுவதையும் பார்த்தாள். சும்மா போயிருக்கலாம். “வால் பக்கம் கனம் கம்மி” என்றாள். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தொட்டி அவள் பொறுப்பு.

அந்த மஞ்சள் சாமானுக்குப் பெயர் கிளைடர். தண்ணீருக்குள் தானாகப் பறக்கிற இயந்திரம். பட்டறையில் எல்லோரும் அதைச் சுரைக்காய் என்பார்கள். இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த சுரைக்காய். அதற்கு விசிறியும் கிடையாது, துடுப்பும் கிடையாது. வயிற்றுக்கு வெளிப்புறமாக ஒரு எண்ணெய்ப் பை. எண்ணெயைப் பைக்குத் தள்ளினால் பை உப்பும், சுரைக்காய் மிதந்து மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். மூழ்கும்போதும் ஏறும்போதும் இறக்கையால் சறுக்கிச் சறுக்கி முன்னே போகும். போகிற வழியெல்லாம் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேலே வந்து, வாலில் இருக்கும் ஆன்டெனாவைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, வானத்து வழியாக நிலையத்தைக் கூப்பிடும்.

ஒரு ஆள் கனம் இருக்கும் அந்த இயந்திரம் மேலே வருவதற்கும் கீழே போவதற்கும் இடையில் இருப்பது ஒரு டம்ளர் எண்ணெய்தான். அதனால் எடை சுத்தமாக இருக்க வேண்டும். எந்தக் கடலுக்குப் போகிறதோ அந்தக் கடல் அளவுக்கு உப்பைத் தொட்டியில் கொட்டி, துடுப்பால் கலக்கி, கண்ணாடி மிதவையை விட்டுத் தண்ணீரின் கனத்தைப் பார்த்து, அப்புறம் சுரைக்காயை இறக்கி, அதன் வயிற்றுக்குள் ஈய வில்லைகளைக் கூட்டியும் குறைத்தும், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுத்தண்ணீரில் சும்மா நிற்க வைக்க வேண்டும். அப்படி அது நிற்கும் கணத்தில் அக்கா மூச்சுவிட மாட்டாள். அத்தனை வருஷம் பார்த்தும் அவளுக்கு அது அலுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலுக்குப் போகிற சாமானை எல்லாம் எடை போட்டு அனுப்பியவளுக்குக் கடல் ஆகாது. ஒரே ஒருமுறை நிலையத்துப் படகில் ஏறினாள். துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல ஆகி, படகைத் திருப்பவேண்டியதாயிற்று.

சுரைக்காயின் சொந்தக்காரி டாக்டரம்மா. வைத்தியம் பார்க்கும் டாக்டர் கிடையாது. புதிதாக வந்த காவலாளி ஒருவர் அது தெரியாமல் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டுவிட்டார். அந்த அம்மாவும் மாத்திரை கொடுத்தார், வலியும் போயிற்று என்பது வேறு கதை. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், “இதையெல்லாம் எதுக்குக் கடலுக்கு அனுப்பறீங்க?” என்று கேட்டாள். டாக்டரம்மா பட்டறை மேஜையைத் தட்டிக் காட்டினார்.

“அக்கா, நம்ம கரையோரக் கடல் இந்த மேஜை மாதிரி. ரொம்ப தூரம் தட்டையா போகும், ஆழமே இருக்காது. அப்புறம் சட்டுன்னு விளிம்பு. விளிம்பைத் தாண்டினா இந்தத் தரை. அதுதான் ஆழ்கடல். தரையில இருக்கிற தண்ணி ஜில்லுன்னு இருக்கும், உப்பு ஜாஸ்தி, கனம் ஜாஸ்தி. கனமானது கீழேதானே கிடக்கணும்?”

“ஆமா.”

“கிடக்க மாட்டேங்குதே! அப்பப்போ மேஜை மேல ஏறுது. பதிலுக்கு மேஜைத் தண்ணி கீழ இறங்குது. எந்த வழியா ஏறுது, எப்போ ஏறுது, எவ்வளவு ஏறுது? இருபது வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?”

“கடல்ல செத்ததெல்லாம் அடியிலதானே போய் மட்குது? அந்த உரம் மேல வந்தாத்தான் இங்க பாசி வளரும். பாசி இருந்தாத்தான் மீன். நீங்க மார்க்கெட்ல வாங்கற மீனோட சாப்பாடு, இருட்டுல, அவ்வளவு ஆழத்துல கிடக்கு. அது ஏறி வரணும்.”

அன்று சாயங்காலம் அக்கா மேஜை விளிம்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்று அவளுக்குப் பால்குடிக்கும் வயதிலிருந்து தெரியும். அந்தத் தண்ணீர், கனத்தையும் சுமந்துகொண்டு, யாரும் பார்க்காமல், மலை உயரத்துக்கு ஏறி வருகிறது என்றால் அதை என்னவென்று சொல்வது?

இந்தத் தடவை டாக்டரம்மா கேட்டது கொஞ்சம் சிக்கலான எடை. சுரைக்காய் விளிம்புக்கு வெளியே ஆழத்திலும் பறக்க வேண்டும், விளிம்பைத் தாண்டி மேஜைக்கும் வர வேண்டும், திரும்பத் திரும்ப. “நடுவாந்தரமா வைங்க அக்கா” என்றார். அக்கா வைத்தாள். உப்பு கரைத்து, தண்ணீரைத் தெளியவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் சுரைக்காய் தொட்டியின் நடுவில் கோயில் சிலை மாதிரி நின்றது. அதோடு மூடியிருக்கலாம்.

ஆனால் போன வருஷத்துச் சூடு இன்னும் ஆறவில்லை. போன வருஷம் அவள் எடை போட்டு அனுப்பிய இதே சுரைக்காய் கடலில் இறக்கியதும் மூழ்க மறுத்து, மேலேயே தளுக்கு தளுக்கு என்று ஆடிக்கொண்டிருந்தது. படகில் இருந்தவர்கள் அதைப் படமெடுத்து, “அக்காவோட ரப்பர் வாத்து” என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். சிரிக்காதவர் டாக்டரம்மா ஒருவர்தான். தாழ்ந்தால் பரவாயில்லை, மிதந்தால்தான் மானம் போகும் என்று அக்காவுக்கு மனதில் பதிந்துவிட்டது. மூடியைத் திருகுவதற்கு முன், மெல்லிசாக ஒரு ஈய வில்லையை எடுத்து உள்ளே போட்டாள். தட்டு ஒரு விரற்கடை தாழட்டும். அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. கொசுறு போடுவதை எந்தக் கடைக்காரர் சொல்லிக்கொண்டு போட்டிருக்கிறார்?

சுரைக்காய் போயிற்று. சமர்த்தாக மூழ்கியது. நிலையத்து மாடியில் ஒரு சின்ன அறை, நான்கு திரைகள், கிறீச்சிடும் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பைலட். ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே தலைசுற்றும் மனிதர். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா அங்கே போய்விடுவாள்.

முதல்முறை அது விளிம்பைத் தாண்டியபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். திரையில் கடலின் தரை ஒரு கோடாகத் தெரிந்தது. தட்டையாக வந்துகொண்டே இருந்த கோடு திடீரென்று கீழே விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது, திரை போதாமல் போகும் வரைக்கும்.

“அவ்வளவுதான் அக்கா. இனிமே கீழ ஒண்ணுமே இல்ல” என்றார் பைலட்.

வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையால் எடை போட்ட சாமான், தனியாக, அந்த இருட்டின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு போகிறது. பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டபோது வந்ததே, அதே மாதிரி.

அப்புறம் மலைப்பக்கம் மழை பிடித்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் பெருகிக் கடலில் போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சுரைக்காய் விளிம்பைத் தாண்டி மேஜைக்குள் வந்திருந்தது. காலையில் கூப்பிட வேண்டியது கூப்பிடவில்லை. மத்தியானமும் இல்லை. மறுநாளும் இல்லை.

மீன் வலையில் மாட்டியிருக்கும் என்றார் ஒருவர். கப்பல் விசிறியில் அடிபட்டிருக்கும் என்றார் இன்னொருவர். உடம்பு விரிசல்விட்டுத் தண்ணீர் புகுந்திருக்கும் என்று பைலட் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபத்து வந்தால் கழன்று விழுந்து, இயந்திரத்தை லேசாக்கி மேலே வரவைப்பதற்கென்று அதில் ஒரு எடை உண்டு. பழைய இயந்திரம், அந்தப் பாகம் துருப்பிடித்துப் போனதால் கழற்றிவிட்டு ஓட்டையை அடைத்திருந்தார்கள். புதியது இதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி வரவேயில்லை. டாக்டரம்மாவிடம் வேறு இயந்திரம் கிடையாது. இது போனால் இருபது வருஷக் கேள்வியும் இதோடு போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வில்லை அவள் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கையில் தூக்கினால் கனமே தெரியாத சாமான், நெஞ்சில் அம்மிக்கல்லாகக் கனத்தது. அவள் சொல்லாவிட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியப்போவதில்லை. ஆனால் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற உடம்பு, அதுவும் மூட்டை மூட்டையாக உப்பில் புரளுகிற உடம்பு. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

“டாக்டரம்மா, மூடறதுக்கு முன்னாடி ஒரு வில்லை கூடப் போட்டேன்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “கூடன்னா?”

“கணக்குக்கு மேல. சும்மா… கொசுறு.”

அந்த அம்மா கோபப்பட்டு அக்கா பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். முகம் சிவந்து, பேனாவை மேஜையில் எறிந்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா? ஒரே ஒரு வார்த்தை!”

அக்கா தலைகுனிந்து நின்றாள். பிறகு, எறிந்த பேனாவை டாக்டரம்மாவே எடுத்தார். “எவ்வளவு கனம் அந்த வில்லை?” அக்கா சொன்னாள். அவர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பழுப்புக் கடலைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

“அக்கா, அது சாகலை.”

“என்னது?”

“ஆத்துத் தண்ணியில உப்பு கிடையாது, லேசு. கடல் மேல ஒரு மூடி மாதிரி படர்ந்து கிடக்கு. சுரைக்காய் அடியிலேர்ந்து நல்லாத்தான் ஏறி வருது. இந்த மூடிக்குள்ள வந்ததும் அதைத் தாங்கற அளவுக்குத் தண்ணியில கனம் இல்ல. ஆன்டெனாவை வெளிய நீட்ட முடியாம, மூடிக்கு அடியில முட்டிக்கிட்டு, திரும்பக் கீழ போகுது. திரும்ப வருது. முட்டுது.”

“அப்போ நான்தான் காரணம்.”

“முக்காவாசி ஆறு. கடைசி நூலளவு நீங்க. உங்க வில்லை இல்லேன்னா தலையையாவது நீட்டியிருக்கும்” என்றவர், பெருமூச்சு விட்டார். “ஆனா நீங்க சொன்னதாலதான் அது உயிரோட இருக்குன்னே தெரிஞ்சுது. பேட்டரி இருக்கிற வரைக்கும் முட்டிக்கிட்டே இருக்கும்.”

“எப்படி மேல வரும்?”

“காத்து சரியான பக்கத்துலேர்ந்து விடாம அடிச்சா, இந்த மூடியை வெளிய தள்ளிக்கிட்டுப் போகும். அது போன இடத்தை நிரப்ப, விளிம்புக்குக் கீழேர்ந்து கனத்த தண்ணி ஏறி வரணும்.”

அக்கா யோசித்துப் பார்த்தாள். “அப்போ ஆழ்கடலே வந்து தூக்கி விடணும்.”

“ஆமா. நான் எதைத் தேடி அனுப்பினேனோ அது நடந்தாத்தான் அனுப்பினது திரும்பி வரும்” என்று சொல்லி டாக்டரம்மா சிரித்தார். கண்ணில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு அக்காவுக்கு மொட்டைமாடிக் கொடிதான் கதி. துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று போய்ப் போய்ப் பார்த்தாள். காய்ந்த துணியை எடுக்காமல் விட்டாள். கணவருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்ததும் மோவாயைச் சொறிந்தார்.

“சுரைக்காய்க்கு உப்பில்லைன்னு எவனாவது குறை சொன்னா சிரிப்போம். நெஜமாவே அதுதான் இப்ப பிரச்சினையா?”

“உங்களுக்கு எல்லாம் வேடிக்கை.”

“வேடிக்கை இல்லம்மா. என் பஸ்ஸுல ஒரு மூட்டை உப்பு ஏத்திக்கிட்டுப் போய்க் கடல்ல கொட்டட்டுமா?” என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும், தன் சட்டைகளையும் துவைத்துக் கொடியில் தொங்கவிட்டார். ஆராய்ச்சிக்கு அவரால் ஆன உதவி.

ஒருநாள் காலையில் சட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. மறுநாளும் அதே பக்கம். அதற்கு மறுநாள் ஒரு சட்டை பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கே போய்விட்டது. காற்று விடவில்லை. பைலட் அறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்பதையே அக்கா நிறுத்திவிட்டாள்.

நிலையத்துக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம். கணவர் சாப்பிட வந்தார். தட்டில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு ஒரு கூத்து. வெயில் மண்டையைப் பிளக்குது. பீச் ஸ்டாப்ல ஏறின ஜனமெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. குளிக்கப் போனவன் ஒருத்தன், கடல்ல யாரோ ஐஸ் போட்டுட்டாங்கன்னு சத்தியம் பண்றான்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “எழுந்திரிங்க.”

“சாப்பிடறேன்ல?”

“அப்புறம் சாப்பிடலாம். உங்க பஸ் எப்ப கிளம்புது?”

கடற்கரையில் மணல் காலைச் சுட்டது. கூட்டமெல்லாம் மணலில்தான் இருந்தது. தண்ணீரில் ஆள் இல்லை. பழுப்பு போய்விட்டிருந்தது. கடல் கண்ணாடிப் பச்சையாக, அடி தெரியும்படித் தெளிந்து கிடந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அலை வந்து கணுக்காலைத் தொட்டதும், “அம்மாடி!” என்று கத்தி இரண்டடி பின்னால் குதித்தாள். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. மறுபடி போய் நின்றாள். இந்தத் தடவை நகரவில்லை.

இது அந்தத் தண்ணீர். விளிம்புக்கு வெளியே, திரையில் கோடு விழுந்துகொண்டே போனதே, அங்கே கிடந்த தண்ணீர். வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. அவள் வருஷக்கணக்காக உப்பு மூட்டையைக் கொட்டிக் கலக்கி, இப்படித்தான் இருக்கும், இவ்வளவுதான் கனக்கும் என்று தொட்டியில் அதன் நகலைச் செய்துகொண்டிருந்தாள். அதைத் தேடிப் போக அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இன்று அதுவே அத்தனை உயரம் ஏறி, அத்தனை தூரம் நடந்து, அவள் கால் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடியது. அக்காவுக்கும் அழுகை வந்தது. துக்கம் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரியது ஒன்று, சத்தமே போடாமல், கரை முழுக்க வந்து நிற்கிறது. ஜனங்கள் ஐஸ் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சாலையிலிருந்து ஹாரன் அலறியது. பஸ்ஸை நிறுத்திவிட்டு அவள் கணவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஓடிப்போய் அவர் குடிக்கிற தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மணலில் கவிழ்த்தாள்.

“அடிப்பாவி, தொண்டை காயுதே!”

பாட்டில் நிறையக் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போதே கை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டது. கனம். ஆனால் நெஞ்சு சொல்வதா, கை சொல்வதா என்று அன்று அவளுக்கே சந்தேகம்.

பட்டறையில் கண்ணாடி மிதவையை அதில் விட்டுப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டாள். வீட்டு உடுப்போடு ஓடி வந்த டாக்டரம்மா மிதவையைக் குனிந்து பார்த்தார்.

“கரையிலயா? இவ்வளவு கனத்த தண்ணியைக் கரையிலயா எடுத்தீங்க?”

“என் கால்கிட்ட.”

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். திரைகள் அப்படியே இருந்தன. விடுமுறையிலும் நாற்காலியை விட்டு நகராத பைலட் தலையை ஆட்டினார், இல்லை என்று. யாரும் உட்காரவில்லை. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு மாறியது. அக்கா மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு, அது சூடாகிவிடக் கூடாது என்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கணினி டிங் என்றது. தபால்காரர் மணி அடித்த மாதிரி ஒரே ஒரு தடவை. திரையில் ஒரு வரி ஓடியது; கடலில் ஒரு புள்ளி தெரிந்தது. சுரைக்காய் தலையை நீட்டிவிட்டது. ஏணிக்குப் பயந்த பைலட் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். டாக்டரம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

படகு போய் அதைத் தூக்கி வந்தது. உடம்பெல்லாம் பாசி, மூக்கில் ஒரு கீறல், பேட்டரி சொட்டு மட்டும் மிச்சம். ஊமையாகக் கிடந்த நாளெல்லாம் அது அளந்ததை டாக்டரம்மா திரையில் விரித்துக் காட்டினார். முதலில் மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். காற்று கிளம்பிய பிறகு, தரையை ஒட்டி நூல் மாதிரி ஒரு நீலம். அடுத்த சுற்றில் அது கயிறு. அப்புறம் அது பாய் போல விரிந்து, மெல்ல மெல்ல மேலே எழும்பி, சிவப்பை முழுக்க வெளியே தள்ளிவிட்டது. ஆழ்கடல் மேஜையில் ஏறுவதை அடியிலிருந்தே, ஒவ்வொரு படியாக, அது பார்த்திருந்தது.

“காத்து கிளம்பும்போது இது பேசியிருந்தா, நானே மேஜையை விட்டு வெளிய ஆழத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன், பத்திரமா இருக்கட்டும்னு” என்றார் டாக்டரம்மா மெல்ல. “இதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.”

அக்கா முகம் மலர்வதற்குள் விரலை நீட்டினார். “அதுக்காக? இனிமே கொசுறைக் கடல் போட்டுக்கட்டும். நீங்க போடாதீங்க.”

“மாட்டேன் டாக்டரம்மா.”

டாக்டரம்மா நீலத்தின் ஒரு ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாருங்க. இதுதான் முதல் தண்ணி. சுரைக்காயை உரசிக்கிட்டு உள்ள போகுது. குழந்தை தவழற வேகம்தான். கணக்குப் போட்டா, நீங்க கால் வச்ச சமயத்துக்குக் கரைக்குப் போயிருக்கு.”

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் இங்கே துணியைப் பார்த்துக்கொண்டு தவித்த நாளில், அந்தத் தண்ணீர் அங்கே சுரைக்காயின் மஞ்சள் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுவிட்டு, நேராக அவள் காலைத் தேடி வந்திருக்கிறது. அவள் குதித்துப் பின்வாங்கியிருக்கிறாள்!

பேட்டரி மாற்றி, துருப்பிடித்த பாகத்துக்குப் புதியதும் ஒருவழியாக வந்து சேர்ந்து, சுரைக்காய் மறுபடி தொட்டியில் இறங்கிய நாளில் டாக்டரம்மாவும் பக்கத்தில் நின்றார். வயிற்றைத் திறந்து, அக்கா அந்த மெல்லிசு வில்லையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மற்ற வில்லைகளைக் கூட்டிக் குறைத்துப் புதுக் கணக்குக்கு நிறுத்தினாள். சுரைக்காய் நடுத்தண்ணீரில் அசையாமல் நின்றது. கை பழக்கத்தில் ஈயப் பெட்டிப் பக்கம் போனது.

“அக்கா…” என்றார் டாக்டரம்மா.

“இல்ல, இல்ல.” கையை இழுத்துக்கொண்டு மூடியைத் திருகினாள். ரப்பர் வாத்துக்கு அப்புறம், கணக்குக்கு மேல் ஒரு இம்மியும் போடாமல் அவள் அனுப்பும் முதல் பொட்டலம். கொசுறில்லாமல் என்னவோ போல இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் கணவரின் பாட்டில், அன்று மொண்ட கடலோடு அப்படியே இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்து, மொத்தத்தையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

டாக்டரம்மா மிதவையை விட்டுப் பார்த்தார். எண் மாறவில்லை.